இடது பக்க விளக்கு

முதலில் நான் சந்தேகப்பட்டது மாமாவைத்தான். அம்மாவின் தம்பியான அவர் சங்கராபுரம் கடைவீதியில் கார், டிராக்டர் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். எங்கள் காரின் இடது பக்க முன்விளக்குக்குப் போடும் பல்பெல்லாம் அவர் கடையில் வாங்கியவை. போட்ட வேகத்தில் அவை அணைந்தன. அணைந்தால் மறுபடியும் அவர் கடைக்குத்தான் போக வேண்டும். நான்காம் வகுப்பில் கணக்கில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கே இந்தக் கணக்கு சரியாக வந்தது.

சந்தேகம் எனக்கு அம்மா வழியில் வந்த சொத்து. பால்காரர் ஊற்றிய பாலை விரல் நுனியில் தொட்டு, அது எப்படி வழிகிறது என்று பார்த்த பிறகுதான் அம்மா பாத்திரத்தை உள்ளே எடுத்துப்போவாள். ரேஷன் கடைத் தராசின் முள் நிற்கும்வரை பையைத் தொடமாட்டாள். பஸ்ஸில் கண்டக்டர் மீதி தராமல் அடுத்த வரிசைக்கு நகர்ந்தால் இவள் பார்வையும் கூடவே நகரும். அப்பா இதற்கு நேர் எதிர். யார் எது சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்டுக்கொள்வார். ஆனால் அவருக்கும் ஒரு குணம் உண்டு. வாடகைக்குக் காரோடு வருகிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால் வயிற்றுவலி, விருந்தாளி என்று பொய்ச் சாக்குச் சொல்லித் தப்பிக்க வராது. வாய் குழறிப்போகும்.

அப்பா முதலில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டியவர். பிறகு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், காதுகுத்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பிரசவம், பஸ்ஸைத் தவறவிட்ட வெள்ளிமலை வாத்தியார்கள் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்ததும் எல்லாம் நின்றுபோனது. கல்யாணம் இல்லாத மாதத்தில் வாடகைக் காருக்கு என்ன வேலை? அப்பா தினமும் வண்டியைத் துடைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் வெல்ல மண்டிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, வாய் நிறையப் பாக்கு. என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு வெல்லக்கட்டி எடுத்து நீட்டினார். எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களில் நான் துளியும் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

அவர் கொடுத்த வேலை எளிமையானது. காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வெல்ல மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போக வேண்டும். இறக்கிவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடலாம். மற்ற வாடகையைவிட நல்ல வாடகை. மலையில் இவ்வளவு வெல்லத்தை யார் தின்கிறார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். "மலையில தெனமும் பொங்கலாம்மா?" என்று கேட்டேன். அப்பா என்னைப் படிக்கச் சொன்னார்.

அந்த வெல்லத்தைத் தின்பதில்லை, பேரலில் ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கீழேயிருந்து ஏற்றி அனுப்புகிறவர்கள் மட்டும் தெரியாதது போல இருப்பார்கள். அம்மா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வெல்லம் எதுக்குப் போவுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மூட்டைய ஏத்தறதும் எறக்கறதும் அவங்க. நான் வண்டி ஓட்டறேன். அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியணும்?"

"போலீசு புடிச்சா அவங்ககிட்டயும் இதையே சொல்லுவீங்களா?"

அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். அதோடு அம்மா பேச்சை விட்டுவிட்டாள். அம்மா ஒரு விஷயத்தை அப்படியே விட்டுவிடுகிறாள் என்றால் அதைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பல்பு தானாகத்தான் போனது. மெக்கானிக்கிடம் விட்டால் ஒரு நாள் வீணாகும் என்று அப்பா வீட்டு வாசலிலேயே மாற்ற உட்கார்ந்தார். பானெட்டைத் தூக்கி, விளக்கின் பின்னால் இருந்த ஒயர் சாக்கெட்டை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விலக்கிவிட்டு "பல்ப எடுத்தா" என்று கையை நீட்டினார். அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையோடு எழுந்துபோய், டப்பாவைப் பிரித்து, பல்பைக் கண்ணாடியில் பிடித்து எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே, மலையடிவாரம் போய்ச் சேருவதற்குள் அது அணைந்துவிட்டது. சோதனைச்சாவடியில் ஒற்றைக் கண் வண்டியைத்தான் முதலில் ஓரம் கட்டுவார்கள். அதனால் அப்பா பாதியிலேயே மூட்டைகளோடு திரும்பி வந்தார்.

மறுநாள் மாமா வந்து அந்தப் பல்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி ஓரிடத்தில் கொப்புளம் போல உப்பிக் கறுத்திருந்தது.

"அக்கா, நீ கண்ணாடிய தொட்டியா? இது ஹாலஜன் பல்பு. கையில இருக்கிற எண்ணெ, வேர்வை பட்டா அந்த எடம் மட்டும் ஜாஸ்தி சூடாயி பல்பு பூடும். துணியாலதான் புடிக்கணும். தெரியாம பட்டுட்டா பெட்ரோல் தொட்டுத் தொடச்சிடணும்."

"கொஞ்சமா பட்டாக்கூடவா?" என்று அம்மா கேட்டாள்.

"கொஞ்சமா பட்டாலே போதும்."

"அப்படியா," என்றாள் அம்மா. வழக்கமாக அப்பா சொல்கிற வார்த்தை அது.

அதற்குப் பிறகு அம்மா பல்பைக் கொண்டுவந்து கொடுக்கிற அழகே தனி. டப்பாவை வெள்ளைத் துணியில் வைத்து, சாமிக்குத் தட்டு கொண்டுபோவது போல நடந்து வருவாள். அப்பாவும் துணியால்தான் பிடித்து மாட்டுவார். ஆனாலும் வெல்லம் ஏற்றிய நாட்களில் விளக்கு அடிவாரம் தாண்டவில்லை. மண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினார். "வேணும்னே பண்றியாப்பா?" என்று அப்பாவை வாசலில் வைத்தே கேட்டார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைச் சந்தேகப்பட்டார். அந்த ஒருவர் மாமா. மட்டமான சரக்கைத் தன் தலையில் கட்டுகிறான் என்று சொல்லி, மச்சானோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பல்பு வாங்க என்னை அனுப்பினார்.

அக்காவின் புருஷன் பேசவில்லையே என்று மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். "என் எதிர்ல எரிய வெச்சுக் காட்டுங்க மாமா" என்றேன். அவர் கடையிலிருந்த பேட்டரியில் இரண்டு ஒயரைச் சொருகிப் பல்பைத் தொட்டுக் காட்டினார். கண் கூசும்படி எரிந்தது.

"போதுமா போலீசு?" என்றார். அந்தக் குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது.

எரிந்த அதே பல்பை டப்பாவில் போட்டு, நானே வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். அப்பா குளிக்கப் போயிருந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். டப்பாவைத் திறந்து, தேங்காயெண்ணெய்ப் பாட்டிலில் விரலை விட்டு, தோசைக்கல்லுக்குத் தடவுவது போலப் பல்பின் கண்ணாடியைச் சுற்றி நிதானமாகத் தடவினாள். பிறகு எண்ணெய் இருப்பது தெரியாதபடி முந்தானையால் லேசாக ஒற்றி, டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். காரணமும் கையிலேயே இருந்தது. "உங்கம்மாவுக்குப் பொறந்த வூடுதான் பெருசு" என்று அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லுவாள். தம்பியின் கடையில் வியாபாரம் நடக்கவேண்டும் என்று அம்மா எங்கள் பல்பைக் கெடுக்கிறாள். அக்காவும் தம்பியும் கூட்டு. இதைவிடத் தெளிவாக ஒரு துப்பு கிடைக்குமா?

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கண்முன்னே விளக்கு அணையப்போகும் வண்டியில் புருஷனை ஏற்றி அனுப்பிவிட்டு, மலை ஏறுவதற்குள் அணைந்துவிட வேண்டும், வழியில் ஒன்றும் ஆகாமல் அவர் திரும்பிவிட வேண்டும் என்று அவள் எத்தனை சாமியைக் கூப்பிட்டிருப்பாள்? அப்போது எனக்கு அது எதுவும் தெரியாது. அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பதை, குற்றம் செய்தவர்களுக்குத் தூக்கம் வராது என்று புரிந்துகொண்டேன்.

அன்று பெரிய லோடு என்று மண்டிக்காரர் சொல்லியிருந்தார். இன்று விளக்கு போனால் அப்புறம் என் முகத்தில் முழிக்காதே என்றும் சொல்லியிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. அப்பா பானெட்டைத் திறந்து, பழைய பல்பைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். அம்மா வெள்ளைத் துணியில் டப்பாவைக் கொண்டுவந்தாள். நான் நடுவில் போய் நின்றேன்.

"யப்பா, அதப் போடாத. அம்மா அதுல எண்ணெ தடவிக்கினு இருந்தாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

அம்மா அப்படியே நின்றாள். மறுக்கவில்லை. அப்பா டப்பாவை வாங்கிப் பல்பை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் எண்ணெயின் மினுமினுப்பு தெரிந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது பெரிய சண்டை வரப்போகிறது, கடைசியில் எனக்குப் பாராட்டும் வரும் என்று காத்திருந்தேன்.

"பெட்ரோல் எடுத்தாரட்டா?" என்று கேட்டேன். துடைத்துப் போட்டால் பல்பு பிழைத்துக்கொள்ளும் என்று மாமா சொன்னது எனக்கு நினைவிருந்தது.

"ஒண்ணும் வேணாம்," என்றார் அப்பா.

அவர் அந்தப் பல்பைத் துடைக்கவில்லை. துணியையும் எடுக்கவில்லை. கிரீஸ் படிந்திருந்த விரல்களால் கண்ணாடியைப் பிடித்தே உள்ளே வைத்து, கிளிப்பை மாட்டி, சாக்கெட்டைச் சொருகினார். வண்டியைக் கிளப்பி விளக்கைப் போட்டார். பட்டப்பகலில் இரண்டு விளக்கும் எரிந்தன. அப்பா வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் இடம்விட்டு அம்மாவும் உட்கார்ந்தாள். இருவரும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் போனவர் ஒருவர் "இன்னாப்பா, பகல்ல லைட்டு எரியுது" என்றார். "எரியட்டும்ணே" என்றார் அப்பா.

நான் காரின் முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். விளக்குக் கண்ணாடிக்கு உள்ளே மெல்லிசாகப் புகை சுற்றியது. எவ்வளவோ நேரம் கழித்து, எனக்கு நிற்க அலுத்துப்போய்விட்ட சமயத்தில், இடது பக்கம் அணைந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா போனை எடுத்து மண்டிக்காரரைக் கூப்பிட்டார். வாய் குழறவே இல்லை.

"அண்ணே, இடது பக்க லைட்டு போயிடுச்சிண்ணே. இப்பதான், என் கண்ணெதிரவே போச்சு. இனிமே ராத்திரி லோடுக்கு வேற வண்டி பாத்துக்கங்க."

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அப்பா போனை வைத்துவிட்டார். மாமா கடையில் இன்னும் நிறையப் பல்பு இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்பா என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒரு திட்டுகூட விழவில்லை. மாறாக, சாயங்காலம் அப்பாவே மாமா கடைக்குப் போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். என் துப்பறியும் வேலைக்கு இந்த வீட்டில் மதிப்பே இல்லை என்று நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன்.

மண்டிக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அந்த வாரமே அடிவாரத்தில் அந்த வண்டி மூட்டைகளோடு பிடிபட்டது. ஓட்டிப்போனவரைக் கைது செய்துவிட்டார்கள். மண்டிக்காரர் பெயர் எங்கேயும் அடிபடவில்லை. அந்த டிரைவரின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். சில நாட்கள் வராமல் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். எங்கள் வகுப்பில் கார் இருந்த வீடு எங்கள் இரண்டு பேருடையதும்தான். அதனால் காரைப் பற்றியே பேச்சை ஆரம்பித்தேன்.

"உங்க கார்ல லைட்டு அடிக்கடி போவுமா?"

"எங்க கார்ல ஒரு நாளும் போனதில்ல," என்றாள். அழுது வீங்கியிருந்த முகத்தில் பெருமை வந்தது. "அப்பா கெளம்பறதுக்கு முன்ன எங்கம்மா ரெண்டு லைட்டையும் நல்லா தொடச்சு வுடுவாங்க."

எனக்கு அவள்மேல் ஒரே பொறாமை. அப்படி ஒரு அம்மா எனக்கு வாய்க்கவில்லையே என்று அன்று பள்ளி விடும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.