ஒன்பது மில்லிமீட்டர்

ஹெட்விகாவிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு "சுமாரா இருந்தாப் போதும்" என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒரு தடவை சொன்னவர்கள் மறு தடவை சொன்னதில்லை. டிராக்டர் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வெல்டிங் வைத்தவள் அவள். ஓய்வு பெற்றபின், குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கார் கொட்டகைகளில் பதினேழாம் எண்ணைப் பட்டறையாக்கிக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் வெர்னியர் அளவுகோலின் பொடிக்கோடுகளைப் படிப்பாள். எதையும் மூன்று முறை அளப்பாள். விட்டுப்போன கணவனைப் பற்றிக் கேட்டால்கூட, "அந்தாளு எதையும் கண்ணால பாத்தே அளவு சொல்ற ஆளு" என்பாள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளிடம் ஏப்ரல் கடைசியில் வெந்தெலீன் தன் ஜாவா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு எழுபத்தேழு வயது, வண்டிக்கு அறுபத்திரண்டு. அதற்குப் பக்கவாட்டு ஸ்டாண்டு கிடையாது, நடு ஸ்டாண்டு மட்டும்தான். அதன் பாதங்கள் தேய்ந்து, அச்சு ஓடும் துளையும் முட்டை வடிவத்துக்கு விரிந்துபோயிருந்தது. போன வருஷம் மே மாத முதல் ஞாயிறன்று, தேவாலயச் சதுக்கத்தில் வழக்கம்போலப் பாதிரியார் வண்டிகளுக்குப் புனித நீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அது மெதுவாகச் சரிந்து பக்கத்து வண்டிமேல் படுத்துக்கொண்டது. பாதிரியார் ஓரடி துள்ளினார். ஊர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

"இந்த வருஷம் நேரா நிக்கணும்மா," என்றார் வெந்தெலீன். "இல்லேன்னா என் மானம் போயிடும்."

மானம் மட்டுமல்ல, வண்டியும் போய்விடும். சதுக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் வண்டியை அவரவர்தான் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். இன்னொருவர் கை பட்டால், எல்லாருக்கும் பிளம் சாராயம் ஊற்ற வேண்டியது வண்டிக்காரரின் பொறுப்பு. கேலி தனி. வெந்தெலீன் ஒரு படி மேலே போய், தன் இடுப்பு அறுவைக்குப் பிறகு மனைவி ஒதிலியேயிடம் வாக்கே கொடுத்திருந்தார்: சதுக்கத்தில் அடுத்தவர் கை பட்டுத்தான் தன் வண்டி நிற்கும் என்றால், அன்றோடு அதை விற்றுவிடுவது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். ஒதிலியேயும் லேசுப்பட்டவள் அல்ல, அந்த ஞாயிற்றைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தாள்.

ஹெட்விகா மூன்று நாள் வேலை பார்த்தாள். துளையைக் கடைந்து, அதற்குள் புஷ் என்கிற புது உலோக வளையம் போட்டாள். பாதங்களில் அடுக்கடுக்காக வெல்டு வைத்து, பழைய கையேட்டில் இருந்த உயரத்துக்கு அரைத்து எடுத்தாள். ஏற்றி நிறுத்தினால் வண்டி அசையவில்லை. பின் சக்கரம் தரையை விட்டு அரை விரல்கடை மேலே நின்று சுழன்றது.

புதன்கிழமை வந்து பார்த்த வெந்தெலீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்," என்றார். வண்டியை இறக்கி, தானே ஏற்றிப் பார்க்கப் போனார். ஸ்டாண்டில் காலை வைத்து அழுத்தி, பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். வண்டி பாதி எழும்பித் திரும்ப இறங்கியது. இன்னொரு முறை இழுத்தார். மூன்றாவது முறை அவர் உதடு வெளுத்துவிட்டது.

"புது புஷ்ஷில்ல, டைட்டா இருக்கும்," என்றார்.

"இருக்கும்," என்றாள் அவள்.

டைட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அது இருவருக்கும் தெரியும். ஸ்டாண்டு வருஷா வருஷம் கொஞ்சம் தேய்ந்தது, அவரும் கொஞ்சம் தேய்ந்தார். அது தேயத் தேய, தூக்க வேண்டிய உயரமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள். இவள் போய் ஒருவரை மட்டும் இளவட்டமாக்கிவிட்டாள்.

"பின் சக்கரத்துக்கு அடியில ஒரு பலகையப் போட்டு ஏத்துங்கண்ணே. லேசா வரும்."

"வீட்ல போடலாம். சதுக்கத்துக்குப் பலகையோட போனா, நம்ம வண்டிச் சங்கத் தலைவன் போரிவோய் இருக்கானே, அந்தப் பலகைக்கும் சேத்துப் புனித நீர் தெளிக்கச் சொல்லுவான்." கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "ஞாயிறு வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே ஒதிலியே கிட்டச் சொல்லிடறேன்."

ஆயுசில் சொல்லாத வார்த்தை ஹெட்விகாவின் வாயில் வந்தது.

"இருங்க. தப்பு என்னோடது. அளவு தப்பிடுச்சு."

"உனக்கா?"

"ஏன், நான் மனுஷி இல்லையா? பழைய கண்ணாடியப் போட்டுட்டு அளந்தேன், உசரம் கூடிப்போச்சு. சனிக்கிழமை வந்து எடுத்துக்கங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், குறிப்பாக மூக்கை. அதில் என்றைக்கும் கண்ணாடி உட்கார்ந்த தழும்பு இருந்ததில்லை. எழுந்து போனார்.

தான் வைத்த நல்ல வெல்டைத் தானே அரைத்துத் தள்ளுவது எப்படி இருக்கும் என்று வெல்டர்களைக் கேட்டால் தெரியும். மூன்று மில்லிமீட்டர் எடுத்து, அவர் பலத்துக்கு ஈடாக இடது கையை மட்டும் கொண்டு வண்டியை ஏற்றிப் பார்த்தாள். வரவில்லை. ஆறு எடுத்தாள். ஒன்பதில் வந்தது. பின் சக்கரம் தரையைத் தொட்டது. பார்க்கச் சகிக்காமல் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறன்று சவாரி முடிந்து முப்பது வண்டிகள் சதுக்கத்தில் வரிசை கட்டின. தேவாலயப் படியில் ஒதிலியே கைப்பையோடு நின்றாள். வெந்தெலீன் காலை வைத்து அழுத்தினார், இழுத்தார். வண்டி ஏறி, செங்குத்தாக நின்றது. பாதிரியார் இரண்டடி தள்ளி நின்றே தெளித்தார், ஆனாலும் அது அசையவில்லை. ஒதிலியே பெருமூச்சு விட்டாள். நிம்மதியா ஏமாற்றமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

போரிவோய்க்குக் கண் எப்போதும் அடுத்தவன் வண்டிமேல்தான். குனிந்து பார்த்தான்.

"பின் சக்கரம் தரையில உக்காந்திருக்கு பாருங்கடா. சக்கரத்தத் தூக்காத ஸ்டாண்டு என்ன ஸ்டாண்டு? எந்தக் கத்துக்குட்டி செஞ்ச வேலை இது?"

வெந்தெலீன் வாயைத் திறந்தார். ஹெட்விகா முந்திக்கொண்டாள்.

"நான் செஞ்சதுதான். அளவு தப்பிடுச்சு."

சதுக்கம் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. "தேதிய எழுதி வைங்கப்பா," என்று போரிவோய் கத்தினான். "ஹெட்விகாவுக்கு அளவு தப்பிடுச்சாம். தப்பு பண்ணவதான் இன்னைக்கு ஊத்தணும்." வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு இனி எல்லாருக்கும் வீட்டுக்கு நடைதான் என்பதால் ஆளாளுக்குக் கோப்பையை நீட்டினார்கள். காது சிவக்க, ஒருத்தர் விடாமல் ஊற்றிக்கொண்டு வந்தாள். அன்று அவள் வாங்கிய கேலியை எழுதினால் தாள் பற்றாது.

கடைசியாக வெந்தெலீன் கோப்பையை நீட்டினார்.

"எவ்வளவு எடுத்த?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஒம்போது மில்லிமீட்டர்."

மெதுவாகக் குடித்தார். "அடுத்த வருஷமும் உனக்கு அளவு தப்புமா?"

ஹெட்விகா அவர் கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

"தப்பும்ணே," என்றாள்.