இதர செலவு

தெருவில் அவரை விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறும்வரை பஸ் கண்டக்டர். கூட்டத்துக்குள் நின்று அவர் ஓர் அதட்டல் போட்டால், படிக்கட்டில் தொங்குகிறவர்கள் தானாக உள்ளே வந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவரைத்தான் ஒரு வீட்டுத் தரகர் வாயடைக்கப் பார்த்தார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். கணவருக்கு மூச்சிரைப்பு, படி திரும்பும் இடமெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அதை விற்றுவிட்டு அடுத்த தெருவில் ஒரு தரைத்தள வீட்டை வாங்குவதென்று முடிவாயிற்று. தரகர் கணவருக்குத் தூரத்து மச்சான் முறை. விலை படிந்த அன்றே, விற்கிறவர்களுக்கு என்னென்ன செலவு வரும் என்று விசிலக்கா கேட்டார். அதெல்லாம் சின்னச் சின்ன விஷயம், தானே பார்த்துக்கொள்வதாக மச்சான் சொன்னார். மறுபடி கேட்டபோதும் அதே பதில், கூடவே ஒரு சிரிப்பு. வீட்டின் மேலிருந்த வங்கிக் கடன் போக மிச்சமெல்லாம் கைக்கு வரும் என்று நம்பி, விசிலக்கா தரைத்தள வீட்டம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

கையெழுத்துப் போடுகிற அன்று, பத்திரம் எழுதிய வக்கீலம்மாவின் அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். தரகு, வக்கீல் கட்டணம், கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு வங்கி போட்ட கட்டணம், வீட்டு வரி பாக்கி, குடியிருப்புச் சங்கத்தின் பெயர் மாற்றக் கட்டணம். எல்லாமே விலையில் கழிந்திருந்தன. விசிலக்காவுக்குக் காது சுட்டது.

வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். வங்கிக் கட்டணம் கடன் பத்திரத்திலேயே இருக்கிறதாம். வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை வரி விற்பவர் தலையில்தானாம். சரி, இதை முன்னாடியே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையா என்று விசிலக்கா கேட்டார். வக்கீலம்மா தரகரைப் பார்த்தார். தரகர் மின்விசிறியைப் பார்த்தார்.

கடைசி வரியில் ‘இதர செலவு’ என்றிருந்தது.

“இது என்ன?”

“பேப்பர் செலவு, அக்கா. எல்லாரும் குடுக்கிறதுதான்,” என்றார் தரகர்.

“எந்தப் பேப்பர்?”

விட்டுவிடச் சொல்லிக் கணவர் கையை அழுத்தினார். இன்று கையெழுத்தாகாவிட்டால் வாங்குகிறவர் போய்விடுவார் என்று தரகர் பயமுறுத்தினார். வாங்குகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், மருந்துக்கடை நடத்தும் பெண். அவர் மெதுவாகச் சொன்னார்: “பேப்பர் செலவுன்னு எங்கிட்டயும் வாங்கிட்டீங்களே.”

அது வேறு பேப்பர் என்று தரகர் இழுத்தார். பத்திரம் மொத்தமும் தான் எழுதியது, அதற்கான கட்டணம் மேலேயே இருக்கிறது என்றார் வக்கீலம்மா.

விசிலக்கா எழுந்து நின்றார். “ஏறும்போது விலையைச் சொல்லாம இறங்கும்போது காசு கேட்டா, பஸ்ல என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா? உங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?”

அந்த வரியை அடித்தார்கள். மருந்துக்கடைப் பெண்ணுக்கும் பணம் திரும்பியது. மற்றவையெல்லாம் அப்படியே நின்றன. தரைத்தள வீட்டுக்குக் குறைந்த தொகைக்காக, கணவரின் வைத்தியத்துக்கென்று போட்டு வைத்திருந்த பணத்தில் கைவைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் விசிலக்காவுக்கு ஆறவே இல்லை.

தரைத்தள வீட்டுக்கும் தரகர் அதே மச்சான்தான். அந்த வீட்டம்மா ஒரு தையல் டீச்சர். அவர் தலையில் விழும் செலவையெல்லாம் மச்சான் இப்போதே எழுதிக் கொடுத்தால்தான் முன்பணம் தருவேன் என்று விசிலக்கா சொல்லிவிட்டார். எழுதி வந்ததைப் பார்த்து மிரண்டுபோன டீச்சர், விற்கலாமா என்று யோசிக்க ஒரு வாரம் கேட்டார்.

ஊரார் செலவு உனக்கெதுக்கு என்று கணவர், இன்னும் ஒப்படைக்காத பழைய வீட்டின் படியேறிக்கொண்டே முணுமுணுத்தார்.

“மெதுவா ஏறுங்க,” என்றார் விசிலக்கா. “இன்னும் ஒரு வாரம்தானே.”