பட்டறையை நிறுத்தச் சொன்னேன்

ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப்பில் இது எனக்கு மூன்றாவது. இதை மாட்டியும் ‘உம்ம்’ என்ற இரைச்சல் போகவில்லை. கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை. அந்த மெஷின்தான் காரணம் என்று முடிவுகட்டி, இறங்கிப் போய்ப் பட்டறைக்கார பாயிடம் கத்தினேன்.

“இன்னா சார், இதுக்கா இவ்ளோ பேஜாரு? நிறுத்திட்டேன், போய்க் கேட்டுப் பாரு” என்று மெஷினை அணைத்தார். வேலையாட்கள் வெறுமனே நின்றார்கள்.

மேலே இரைச்சல் அப்படியே இருந்தது. கூடவே ஏறி வந்த பாய் பிளேயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“எர்த்து ஒயரு சும்மா தொங்கிகினு கீது சார்.”

அதை ப்ரீஆம்ப்பின் திருகில் மாட்டி முடுக்கினார். இரைச்சல் நின்றது.

“இப்ப மிஷினு போடலாமா சார்?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

கீழே மெஷின் ஓடியது. பாட்டு சுத்தமாகக் கேட்டது. என்னால்தான் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.