'ஹேவ்' போடச் சொன்ன அப்பா

குழந்தைகளே, என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். அங்கே அதிகாரிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இங்கிலீஷில் 'ஹேவ்' சேர்த்தால்தான் கௌரவம் என்று நினைத்திருந்தேன்.

பரீட்சைக்கு முதல் நாள், "நேற்று கடற்கரைக்குப் போனேன்" என்பதற்கு அவள் 'ஐ வென்ட்' என்று எழுதினாள்.

"'ஐ ஹேவ் கான்'னு போடு," என்றேன்.

"நேத்துன்னு வந்தா ஹேவ் வராதுப்பா. மிஸ் சொன்னாங்க."

"உங்க மிஸ்ஸவிட எங்க மேனேஜர் பெரிய ஆளு. எதுத்துப் பேசாத," என்று கத்தினேன். அவள் அழித்துவிட்டு நான் சொன்னபடி எழுதினாள். பரீட்சையிலும் அப்படியே எழுதிவிட்டாள்.

மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடப் பள்ளிக்குப் போனேன். "கிளாஸ்ல சரியா சொன்னியேம்மா, ஏன் மாத்தி எழுதுன?" என்று டீச்சர் கேட்டார்.

"மறந்துட்டேன் மிஸ்," என்றாள் மகள்.

"இவளுக்குக் கவனமே இல்ல மிஸ்," என்றேன் நானும்.

வெளியே வந்ததும், "அப்பாவை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. உன் பேரச் சொன்னா வீட்டுக்கு வந்து கத்துவ. அதான்."

அவளை அழைத்துக்கொண்டு திரும்பிப் போய் டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். டீச்சர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் என் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் இங்கிலீஷ் புத்தகத்தை மூடிவிடுகிறாள். எனக்கு இங்கிலீஷ் வராது என்பது பெரிய விஷயமில்லை. என் பிள்ளை என்னைக் கண்டு பயந்து, தெரிந்ததையே தப்பாக எழுதினாளே என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.