ரவி கோல் காத்த நாள்

அன்று பெரகல சந்தியில், நசீர் நானாவின் கடையில் நானும் என் கூட்டாளி முருகனும் இருந்தோம். எங்கள் தேயிலைத் தோட்டத்து அணியின் கோல் கீப்பர் ரவி மட்டும் இல்லை.

மறுநாள் பதுளையில் அரையிறுதி ஆட்டம். "மூணு கோலாவது வாங்குவீங்கடா," என்று நானா சீண்டினார்.

"ரவி நின்னா ஒண்ணுகூடப் போகாது நானா," என்றான் முருகன்.

பாண் வாங்க வந்த ரவியின் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அவன் வரமாட்டான் தம்பி. எனக்குக் காய்ச்சல். நாளைக்கு அவனாவது வேலைக்குப் போகணும்," என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். "ஒரு நாள்தானே அத்தை, தோட்டத்து மானம் இருக்குல்ல," என்றேன். படித்த பிள்ளை சொல்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, அவன் விளையாடட்டும். அவனுக்குப் பதிலா நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன்," என்றார்.

ரவி எத்தனையோ பந்துகளைப் பிடித்தான். ஆனாலும் ஒரு கோலில் தோற்றோம். திரும்பி வந்தபோது ரவியின் அம்மா மழையில் நனைந்த சேலையோடு லயத்து வீட்டு வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சீங்களா தம்பி?"

என்னைப் படிக்க வைத்ததும் இப்படி என் அம்மா பறித்த கொழுந்துதான். அது எப்படி மறந்துபோனது?

காய்ச்சலோடு பறித்த கொழுந்து நிறை காணாததால் அவருக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். ரவி போயிருந்தால் முழுப் பேர் கிடைத்திருக்கும்; எங்கள் ஓர் ஆட்டத்துக்காக அந்த வீடு இழந்தது அரை நாள் சம்பளம்.