இரண்டு நிமிஷம் பிந்திய பாங்கு

விளாங்குடி சேக் மைதீனுக்கு வாடகை பாக்கி வைப்பவர்களைக் கண்டால் கோபம் வராது. கோபப்பட்டால் ரத்தக் கொதிப்புதான் ஏறும், பணம் வராது என்பார். சிம்மக்கல்லில் முப்பது வருஷம் வெங்காய மண்டி நடத்தி, வராத பாக்கியையெல்லாம் வரவைத்த மனிதர். அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவர் ஒரு மாதம் வாடகை தவறினால் படியடியில் நின்று செருமுவார். இரண்டாவது மாதம் தண்ணீர் மோட்டார் போட மறந்துவிடுவார். மூன்றாவது மாதம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவர்கள் பூட்டுக்குப் பக்கத்திலேயே தன்னுடைய திண்டுக்கல் பூட்டையும் தொங்கவிடுவார்.

"சாமான் உள்ள கெடக்குல்ல, எங்க போயிருவாக?"

மூன்று குடும்பங்களுக்கு அப்படிப் பூட்டியிருக்கிறார். மூன்றும் இரண்டே நாளில் பணத்தோடு வந்து நின்றன.

நாலாவதாக மாட்டியவன் தவ்பீக். செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். தங்கமான குணம், கையில்தான் காசு தங்காது. நிறைமாத மனைவி ஹஃபீஸாவைப் பிரசவத்துக்கு எழுமலையில் அவள் தாய் வீட்டில் விடப்போனான். அன்று மத்தியானமே சேக் மைதீன் பூட்டிவிட்டார்.

சாயங்காலம் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லி முடித்து இரண்டு நிமிஷம் இருக்கும். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு பாங்கு கேட்டது. தொழுகைக்குக் கைகால் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகுதான் விளங்கியது: ஹஃபீஸா சுவரில் மாட்டியிருந்த பாங்குக் கடிகாரம். ஐந்து வேளையும் தானே கூப்பிடும். கொஞ்சம் பிந்தி ஓடுகிறது, அவ்வளவுதான். ஆட்கள் இருந்தபோது பேச்சிலும் மிக்ஸி சத்தத்திலும் அமுங்கிப்போனது, இப்போது காலி வீட்டில் எதிரொலித்தது.

இரண்டு நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று. தவ்பீக் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. கடிகாரம் மட்டும் ஒரு வேளை தவறவில்லை. பள்ளிவாசல் ஊரையே கூப்பிட்டது. இது தன்னை மட்டும் கூப்பிடுகிறது என்று அவருக்குப் பட்டது.

ஒருநாள் மனைவி சபியா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பூட்டுன மூணாம் நாளு தவ்பீக் வந்தாருங்க. ஹஃபீஸாவோட ஆஸ்பத்திரி ஃபைல எடுக்கணும்னு. நீங்க வெளிய போயிருந்தீக, சாவி உங்க பையில. படியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. 'பாய்ட்ட சொல்லாதீக, சங்கடப்படுவாரு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"என்ட்டக் கேட்டா தொறந்து விட்ருக்க மாட்டேனா?"

"கேக்குற மாதிரியா வச்சிருக்கீக?"



அந்த வாரம் கடிகாரத்தின் குரல் இழுக்க ஆரம்பித்தது. பேட்டரி தீர்கிறது என்று தெரியும். தெரிந்தும், உள்ளே யாரோ மூச்சுக்குத் தவிப்பதுபோலிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அசருக்கு அது கூப்பிடவில்லை. வழக்கமாகச் செருமும் அதே படியடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். இத்தனை நாள் எது ஓய்ந்தால் போதும் என்றிருந்தாரோ, அது ஓய்ந்ததும் பயந்துபோனார்.

மறுநாள் காலை எழுமலைக்குப் பஸ் ஏறினார். தவ்பீக், "வாங்க பாய்" என்று நாற்காலி எடுத்துப் போட்டான். உள்ளே ஹஃபீஸா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டிலைக் காணோம்.

"புள்ள தங்கல பாய்" என்றான், அவர் கேட்கும் முன்பே.

"அந்த ஃபைலு..."

"அது இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாக. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீக." சாவியை எடுத்து நீட்டினான். "சாமானெல்லாம் வித்து வாடகைக்குக் கழிச்சுக்கங்க. நாங்க அங்கிட்டு வரல."

டாக்டரம்மா உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா, இல்லை, வீடு தேடி வந்த பெரிய மனுஷனுக்காக இவன் சொல்கிறானா? திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. கேட்டிருக்கலாம். கேட்கத் துணிச்சல் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

இரண்டு பூட்டையும் திறந்தார். எடுத்துப்போக வசதியாக, கதவுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஃபைல். அதைத் தொடாமல் தாண்டிப்போய்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டார். ஒரு சாமானையும் விற்கவில்லை. நேரத்தையும் திருத்தவில்லை.

இப்போதும் வீடு தேடுகிறவர்கள் பூட்டிய மாடியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்.

"பாய், மாடி காலியாத்தான கெடக்கு? வாடகை எம்புட்டு?"

"காலியில்ல தம்பி," என்கிறார் சேக் மைதீன். "ஆள் இருக்கு."