ஏழு பேரான மதினி

அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர்: கணினிக்கு முன்னால் கணக்குப் பார்க்கும் மிஸ், அவருக்குப் பின்னால் ஆய்வுக்குப் பொறுப்பான சேர், கதவோரக் கதிரையில் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைக் கம்பனியொன்றுக்காகக் கல்முனை, மருதமுனை வீடுகளில் கேள்வி கேட்டுத் திரிந்தேன். கணக்குச் சரிவந்தால்தான் மிச்சக் கூலி என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

“பொம்பிளையள் ஏன் இவ்வளவு குறைவு?” என்றார் சேர்.

தட்டினால் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்: “ஆம்பிளையள் ஊட்ட இல்ல, பொறகு வாங்க.” பிறகு போனால் ஆம்பிளைதான் கதைப்பார்.

“ரேக்கிங் செஞ்சு பாப்பம்” என்றார் மிஸ். ஊரில் பெண்கள் எத்தனை பங்கோ அந்தப் பங்கு வரும்வரை, கிடைத்த பெண்களின் நிறையை, அதாவது ஒருவரை எத்தனை பேராக எண்ணுவது என்பதை, மென்பொருள் கூட்டும். அடுத்து வயதுக்கு, பிறகு ஊருக்கு. ஒன்றைச் சரிசெய்தால் முன்னே செய்தது கொஞ்சம் குலையும், திரும்பவும் முதலிலிருந்து. கதவைப் பூட்டினேனா என்று நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதுபோலத்தான். அதற்காவது ஓரிடத்தில் நிற்கத் தெரிந்திருந்தது.

நின்றதும் மிஸ் திரும்பினார். “மருதமுனையில அறுவது தாண்டின பொம்பிளை ஒராள்தான் இரிக்கா. அவ இப்ப ஏழு பேருக்குச் சமன்.”

அது என் மதினி, மனைவியின் மூத்த சகோதரி. ஒரு கதவும் திறக்காத அன்று அவரிடம் போய், தேநீர் குடிப்பீர்களா என்று கேட்டேன். “தேத்தண்ணியா? வாயு. வாயிலயும் வெக்கமாட்டன்” என்றிருந்தார்.

“கம்பனிக்காரன் இதப் பாத்தா கடையப் பூட்டிருவான்” என்று சேர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னும் இருவது பொம்பிளையளக் கேட்டுட்டு வாங்க. காசு அதுக்குப் பொறகு” என்றார் சேர்.

அதே கதவுகள், அதே குரல். தனியே போக மனமில்லை. மதினியிடம் சொன்னேன்.

“ஏழு பேரா? இந்த ஊட்டுல ஒராளாக் கூட என்ன எண்ணுறல்ல. கம்பியூட்டருக்காவது புத்தி இரிக்கே!” என்றவர் முக்காட்டை இழுத்துவிட்டார். “வாங்க மச்சான், நானும் வாறன். கூலியில பாதி எனக்கு.”

அவர் குரல் கேட்டதும் கதவுகள் திறந்தன. ஆனால் நான் கேட்குமுன்பே, “தேத்தண்ணி வாயுகா, உட்டுத்தள்ளு” என்பார்.

“மதினி, நீங்க கதைக்கப்படாது!”

“சும்மா ஒரு புத்திதானே சொன்னன்.”

எப்படியோ இருபதும் முடிந்தது. மிஸ் மறுபடி ஓட்டினார். மதினி இரண்டு பேராகக் குறைந்தார். கணக்குச் சரி என்றார் சேர். காசு மட்டும் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். கைப்பேசியை எடுத்தெடுத்துப் பார்க்கிறேன். மதினி காலையில் ஒருதரம், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒருதரம் தன் பாதியைக் கேட்கிறார். இன்னும் வரவேண்டியது பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.